நாலு பேர் சேலைக்கு ஒரே சலவைக்குறி

எங்களைப் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்பி வகுப்பெடுக்கச் சொல்லப் போகிறார்கள் என்று ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் அறிவிப்பு வந்ததும், மற்றவர்கள் பாடக்குறிப்பு எழுதுவதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். நாங்கள் நாலு பேர் சேலையைப் பற்றிக் கவலைப்பட்டோம்.

அதுவரை பாளையங்கோட்டையில் இருந்த கல்லூரிக்குத் தாவணியிலேயே போய்வந்துகொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சராக நிற்க வேண்டுமென்றால் சேலைதான் உடுத்த வேண்டும். தை பிறந்ததும் தொடங்கி வாரக்கணக்கில், தினமும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் டீச்சர் போடும் முக்கோணத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, டீச்சர் போன வியாழக்கிழமை உடுத்திய சேலை எது என்று நன்றாகப் பார்த்து வைத்திருப்பார்கள். நானும் அப்படிப் பார்த்து வளர்ந்தவள்தான்.

என்னிடம் மூன்று சேலைகள் இருந்தன. அரக்கு நிறத்தில் ஒரு சொசைட்டி நூல்சேலை, பூப்போட்ட பூனம் சேலை ஒன்று, கல்லூரியில் இடம் கிடைத்தபோது அம்மா எடுத்துத் தந்த மஞ்சள் சுங்குடி. இதுவே எங்கள் வீட்டுக்கு அதிகம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்த முதல் ஆள் நான். சேரன்மாதேவியைத் தாண்டி ஆற்றை ஒட்டியிருக்கும் ஊர் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் அங்கே துணி வெளுப்பவர்கள். கல்லூரியில் சேர்ந்த முதல் நாளே இதைச் சொல்லிவிட்டேன். யாராவது விசாரித்துக் கண்டுபிடிப்பதைவிட நானே சொல்வது எனக்குப் பிடித்திருந்தது.

சொன்ன பிறகும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். ஒருத்தி பத்தமடைக்காரி. அவள் வீட்டில் பாய் நெய்வார்கள், அண்ணன் துபாயில் இருந்தார். இன்னொருத்தி சாத்தான்குளத்துப் பக்கம், பனைமரங்களுக்கு நடுவிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவள். வாய் ஓயாது. மூன்றாமவள் பாளையங்கோட்டையிலேயே வீடு உள்ளவள். அப்பா தாலுகா அலுவலகத்தில் பெரிய வேலையில் இருந்தார், பழைய சைவக் குடும்பம். நாலு பேரும் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்வோம்.

யோசனை சாத்தான்குளத்துக்காரியுடையது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் டிபன் டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

“நம்ம நாலு பேரு சேலையையும் ஒண்ணாப் போட்டுக் குலுக்கிருவோம்ட்டி. ஆளுக்கு வேணும்ங்கிறத எடுத்துக்கிடுவோம். பள்ளிக்கூடம் நாலும் வேற வேறதான? எவளுக்குத் தெரியப் போவுது?”

“ரவிக்கைக்கு என்ன செய்வ?” என்றாள் பாளையங்கோட்டைக்காரி.

“வெள்ளை ஒண்ணு, கறுப்பு ஒண்ணு. உலகத்துல எல்லாச் சேலைக்கும் அது சேரும். சேரலைன்னா அதான் இப்பம் பேஷன்னு சொல்லிருவோம்.”

எங்கே வைத்துக்கொள்வது என்பதில்தான் சிக்கல். பத்தமடையில் வீடு நிறைய ஆட்கள், ஒரு சேலையை விரித்துப் பார்க்கக்கூட இடமிருக்காது. விடுதியில் வார்டன் விடமாட்டார். பாளையங்கோட்டைக்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள், ஒருத்தர் உடுத்தி அவிழ்த்ததை இன்னொருத்தர் உடுத்துவதை அவள் அம்மா வீட்டுக்குள் அனுமதிக்க மாட்டாளாம்.

“எங்க வீட்டுல வச்சுக்கிடலாம்” என்றேன். “அடுத்தவங்க துணி எங்க வீட்டுக்கு வராத நாளே கிடையாது.”

அவர்கள் சிரித்தார்கள். சொன்னபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான், அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்ற நினைப்பு வந்தது.

அம்மாவுக்கு ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கிடையாது. வெளுக்க வந்த துணி எதுவும் எங்கள் வீட்டு ஆள் உடம்பில் படக்கூடாது. மழையில் நனைந்து வந்தாலும் தலை துவட்டக்கூட எடுக்கக்கூடாது. சின்ன வயதில், கொடியில் கிடந்த ஒரு பாவாடையை என் இடுப்பில் வைத்து அளவு பார்த்ததற்காக நான் வாங்கிய அடி இன்னும் நினைவிருக்கிறது. அதற்குக் காரணம் உண்டு. அம்மா கல்யாணமாகி எங்கள் ஊருக்கு வந்த புதிதில், தாய்வீட்டில் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு அம்மன் கோயில் கொடை விழாவுக்குப் போயிருக்கிறாள். அதே மாதிரி ஒரு சேலை மேலத்தெருவில் ஒரு வீட்டிலும் இருந்திருக்கிறது. கூட்டத்தில் வைத்து இரண்டு பெண்கள் அம்மாவின் முந்தானையைப் பிடித்து ஓரத்தைப் புரட்டிப் பார்த்தார்களாம், சலவைக்குறி இருக்கிறதா என்று. ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஒரு குறி உண்டு. சேங்கொட்டைப் பாலைக் குச்சியில் தொட்டு, துணியின் மூலையில் புள்ளியாகவோ கோடாகவோ வைத்துவிட்டால் துணி கிழிந்து போகும்வரை அழியாது. அம்மாவின் சேலையில் குறி இல்லை. எங்கள் வீட்டுத் துணியில் குறி ஏன் இருக்கப் போகிறது? பார்த்தவர்கள் முந்தானையை விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா அதன் பிறகு அந்தப் பச்சைச் சேலையை உடுத்தவே இல்லை.

இந்த அம்மாவிடம்தான் போய், என் சினேகிதிகளின் சேலையை உடுத்தப் போகிறேன் என்று சொல்ல வேண்டும்.

அவள் உலர்ந்த துணிகளை வீடு வீடாகப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

“பிள்ளையள் வரட்டும். சமைச்சுப் போடுதேன். அதுக உள்ளுக்குள்ள மாத்திக்கிடட்டும், உன் சேலையையும் குடு, வேண்டாங்கல. நீ எடுக்கக் கூடாது.”

“அப்பம் நான் எதம்மா உடுத்த?”

“நீ உள்ளத உடுத்து. துவைச்சுத் தேய்ச்சுத் தாரேன், புதுசு மாதிரி இருக்கும்.”

“சடங்கு வீட்டுக்கு நீதான மாத்துச் சேலை கொண்டு போற? வயசுக்கு வந்த பிள்ளைக்கு நம்ம கையால குடுக்கிற சேலையைத்தான் உடுத்தி விடுதாங்க. அது எவ வீட்டுச் சேலைன்னு யாராவது கேக்காங்களா? ஊரே உடுத்தலாம், நான் உடுத்தக் கூடாதா?”

“அது நாம குடுக்கது. நீ கேக்கது எடுக்கது. படிச்ச பிள்ளைக்கு ரெண்டும் ஒண்ணாட்டி?”

அவள் சொன்னதில் தப்பில்லை என்றுதான் தோன்றியது. ஆனால் பள்ளிக்கூடம் போக வேண்டிய திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது. மூன்று சேலையோடு அத்தனை வாரங்களை ஓட்ட வேண்டும். பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பார்கள், மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர்களும் பார்ப்பார்கள். வெளுக்கிறவர் வீட்டுப் பெண் என்று தெரிந்தவர்கள் என் உடையைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் ஒரு நாளும் குறைந்து நிற்கக் கூடாது என்பது என் வீம்பு. அம்மாவுக்கும் அதே வீம்புதான். அவளுடையது வேறு திசையில் இருந்தது.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை மூன்று பேரும் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பொங்கல் கழிந்தால் எங்கள் வீட்டில் கால் வைக்க இடமிருக்காது. ஊரிலுள்ள திரைச்சீலை, போர்வை, விருந்தாளி உடுத்தியது எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து கிடக்கும். அந்த மூட்டைகளை ஒதுக்கி, நடுவில் வெள்ளை விரிப்பு ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். விரிப்பு எங்களுடையது என்று அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.

சேலைகளை அதன்மேல் கொட்டினோம். பத்தமடைக்காரி கொண்டுவந்ததில் அண்ணன் அனுப்பிய வெளிநாட்டுச் சேலை இரண்டு, வெளிச்சம் பட்டால் கண் கூசும். “இதை உடுத்திட்டுப் போனா பிள்ளையள் போர்டைப் பாக்காது, என்னையத்தான் பாக்கும். யாராவது எடுத்துக்கிடுங்களேன்” என்றாள். சாத்தான்குளத்துக்காரியுடையவை கட்டம் போட்ட நூல்சேலைகள். அவள் எங்கள் எல்லாரையும்விட உயரம். அவள் ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைத்ததில் சேலையின் உயரம் குறைந்திருந்ததைப் பார்த்து, இதை நீ உடுத்தினால் கணுக்கால் தெரியுமே என்றோம். “எங்க ஊர்ல முள்ளு ஜாஸ்தி, ஏத்திக் கட்டினாத்தான் நடக்க முடியும்” என்றாள். பாளையங்கோட்டைக்காரியின் சேலைகள் எல்லாம் நயமானவை. அதில் இலைப்பச்சையில் மெல்லிய கறுப்புக் கரை போட்ட ஒன்று இருந்தது. நான் அதைத் தொடவில்லை. பார்த்தது மட்டும்தான். என் மூன்று சேலைகளையும் எடுத்து வந்து குவியலில் போட்டேன்.

“நீ எதை எடுக்கே?” என்றாள் பாளையங்கோட்டைக்காரி.

“நீங்க எடுங்க. நான் அப்புறம்” என்றேன். பிறகு மறைத்துப் பேசப் பிடிக்காமல், அம்மா சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

மூன்று பேரும் குவியலிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். “நீ எடுக்கலைன்னா யாரும் எடுக்க மாட்டோம். பேச்சே கிடையாது” என்று பத்தமடைக்காரிதான் சொன்னாள்.

அந்த நேரம் பின்னாலிருந்து அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். துணி அவிக்கும் வெள்ளாவி அடுப்புச் சாம்பல் பறக்கிறது, சேலையை மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு வாருங்கள் என்றாள். நான் விரிப்பின் நாலு முனையையும் சேர்த்துக் கட்டினேன். எங்கள் வீட்டில் போடும் முடிச்சுதான் போட்டேன், வேறு முடிச்சு எனக்குத் தெரியாது. மூட்டையைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனோம்.

அம்மா கூட்டாஞ்சோறு ஆக்கியிருந்தாள். எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதாக இருக்க வேண்டுமென்று ஒரு வாரம் யோசித்து முடிவு செய்தது. முருங்கை மரத்தடியில் வாழை இலை போட்டுப் பரிமாறிவிட்டு, தள்ளி நின்று பாளையங்கோட்டைக்காரியின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அந்த மாதிரி வீட்டுப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்து சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. அந்தப் பிள்ளை இரண்டாம் தடவை வாங்கி, “அடிப்பிடிச்ச காந்தல் இருந்தா எனக்கு வைங்கம்மா” என்று கேட்டபோது அம்மா சட்டியைச் சுரண்டிய சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. எங்கள் ஊரில் மேலத்தெருச் சின்னப் பிள்ளைகள்கூட அம்மாவைப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். இவர்கள் மூன்று பேரும் அம்மா, அத்தை என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டதில் அவளுக்குத் திரும்பிப் பார்க்கக் கொஞ்சம் நேரமானது.

சாப்பிட்டு, கதை பேசி, கை கழுவிவிட்டு உள்ளே வந்தால் மூட்டையைக் காணோம்.

விரிப்பும் இல்லை. பத்தமடைக்காரி நெஞ்சில் கை வைத்துவிட்டாள். நான் மற்ற மூட்டைகளைப் புரட்டினேன். அம்மா வந்து சுவரோரத்தைப் பார்த்தாள், வெளியே போய்ச் சைக்கிள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

“உங்கப்பா வந்துட்டுப் போயிருக்காரு” என்றாள்.

அப்பா வீடுகளில் துணி கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். பின்னால் பிள்ளைகள் சாப்பிடும் சத்தம் கேட்டிருக்கிறது. சாப்பிடுகிற பெண்பிள்ளைகள் முன்னால் போய் நிற்க வேண்டாம் என்று, சுவரோரத்து மூட்டையை மட்டும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குப் போய்விட்டார். எங்கள் வீட்டில் கட்டி வைத்த மூட்டை என்றால் அது வெளுக்க வந்த மூட்டை. வேறு மூட்டை அவர் பார்த்தது கிடையாது.

நாங்கள் ஐந்து பேரும் வாய்க்கால் கரை வழியாக ஓட்டமும் நடையுமாகப் போனோம். அந்த வருஷம் ஆற்றில் நல்ல தண்ணீர். துறையில் அப்பா முழங்காலளவு நீரில் நின்று, துபாய்ச் சேலையைக் கல்லில் அடிக்காமல் குழந்தையைக் குளிப்பாட்டுவது போல அலசிக்கொண்டிருந்தார். மற்றவை எல்லாம் பிழிந்து கரையில் வரிசையாக இருந்தன. என் மஞ்சள் சுங்குடியும் இருந்தது.

“என்ன காரியம் செஞ்சு வச்சிருக்கீங்க? அது பிள்ளையள் சேலை” என்றாள் அம்மா.

அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். கையில் சேலை சொட்டிக்கொண்டிருந்தது.

“குறியில்லாத உருப்படியா இருந்துச்சு. புது வீடு ஒண்ணு கிடைச்சிருக்கு போலன்னு சந்தோசப்பட்டேம்லா.”

“அதுல அவ சேலையும் கெடக்கே. உங்க மக சேலை உங்களுக்குத் தெரியாதா?”

“நான் எங்க கண்டேன்? அவ உடுத்திக் கிளம்புத நேரம் நான் ஆத்துல நிப்பேன்.”

அவர் சொன்னது உண்மை. நான் சேலை உடுத்தி அப்பா ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

“சரி, துவைச்சதுதான. காஞ்சா ஆச்சு” என்று பாளையங்கோட்டைக்காரி சமாதானம் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

“துவைச்சது மட்டும் இல்லம்மா. குறியும் வச்சுட்டேன்.”

கரையில் கிடந்த சேலைகளின் மூலையைப் புரட்டினோம். ஒவ்வொன்றிலும், என் மூன்றையும் சேர்த்து, ஒரு சின்னக் கோடு, அதற்கு இருபுறமும் ஒவ்வொரு புள்ளி. புது வீட்டுக்கு என்று அப்பா யோசித்து வைத்த குறி. ஊரில் வேறு எந்த வீட்டுக்கும் அது கிடையாது.

அப்பா மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். வெளுக்கிறவருக்கு இதைவிடப் பெரிய தவறு இல்லை, துணி உள்ளவரைக்கும் நிற்கும். ஆனால் சாத்தான்குளத்துக்காரி மணலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் சிரித்தால் மற்றவர்களால் சும்மா இருக்க முடியாது.

“அப்பம் நாங்க நாலு பேரும் ஒரு வீடா மாமா? சைவமும் அசைவமும் ஒரே அடுப்புல எப்படி மாமா பொங்க?”

“எங்க உம்மா கேட்டா என்ன சொல்ல?” என்றாள் பத்தமடைக்காரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “சீதனமா ரெண்டு புள்ளி கிடைச்சதுன்னு சொல்லிருதேன்.”

அப்பாவும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் ஒரு சேலையின் மூலையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பிறகு வேலை சுறுசுறுப்பாக நடந்தது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக் காற்றில் உயர்த்தினால் நூல்சேலை சீக்கிரம் காயும். மூன்று பேரும் அன்றுதான் அதைக் கற்றுக்கொண்டார்கள். பத்தமடைக்காரி தன் வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு மணலில் ஓடினாள். இலைப்பச்சைச் சேலை முதலில் காய்ந்தது. பாளையங்கோட்டைக்காரி அதை மடித்து எடுத்து வந்து என் தோளில் போட்டுப் பார்த்தாள்.

“உனக்குத்தான் இது. நான் வரும்போதே நெனச்சுட்டுத்தான் வந்தேன்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோளிலிருந்து எடுக்கப் போனேன்.

அப்போதுதான் மேலத்தெருப் பெரிய வீட்டு அம்மா ஒருவர் குளிக்க வந்தார். எங்கள் வீட்டுக்கு வரும் துணியில் பெரும்பங்கு அவர் வீட்டிலிருந்து வருவது. படியில் நின்று எங்களைப் பார்த்தார். என் தோளில் கிடந்த சேலையைப் பார்த்தார். அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்.

“என்னட்டி, உம் மக சேலையை மேல வச்சு அழகு பாக்கா? யாரு வீட்டுது அது? எங்க வீட்டுதையும் இப்படித்தான் ஆத்தங்கரையில உடுத்திப் பாத்துட்டுக் கொண்டாறீகளோ?”

அம்மா வாழ்நாள் முழுவதும் எந்தப் பேச்சுக்குப் பயந்து ஒதுங்கி வந்தாளோ, அந்தப் பேச்சு. துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாளையங்கோட்டைக்காரி, “அது என் சேலை. நான்தான்...” என்று தொடங்கினாள். அம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினாள். என் பக்கத்தில் வந்தாள். சேலையை எடுத்துவிடப் போகிறாள் என்று நான் தோளைத் தளர்த்திக் கொடுத்தேன்.

அவள் எடுக்கவில்லை. முந்தானை மூலையைப் புரட்டி அந்த அம்மாவுக்கு நேராக நீட்டினாள்.

“உங்க வீட்டுக் குறி உங்களுக்குத் தெரியும்லாம்மா? மூணு புள்ளி. இதைப் பாருங்க.”

அவர் ஒரு படி இறங்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இது எந்த வீட்டுக் குறி? நான் கண்டதில்லையே.”

“எங்க வீட்டுக் குறி.”

“வெளுக்கவ வீட்டுக்குக் குறியா? கேட்டியளா இந்தக் கூத்த.”

“மக டீச்சராப் போறாம்மா. தெனம் ஒரு சேலை வேணுமாம். அத்தனையும் வெளுக்கணும்லா, குறி வச்சாத்தான உங்க வீட்டுதோட கலக்காது?”

சொல்லிவிட்டு, மூலையை என் தோளில் திருப்பிப் போட்டு, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். மேலத்தெரு அம்மா தண்ணீரில் இறங்கினார். அம்மா மணலில் உட்கார்ந்து, மீதிச் சேலைகளை மடியில் வைத்து, சடங்கு வீட்டில் கொடுப்பது போல ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டுக் கையில் கொடுக்க ஆரம்பித்தாள். துபாய்ச் சேலை சாத்தான்குளத்துக்காரிக்கு. “நீ உசரம், உனக்குத்தான் எடுக்கும். முள்ளுல மாட்டிராத.” என் மஞ்சள் சுங்குடி பத்தமடைக்காரிக்கு. அரக்கு நூல்சேலை பாளையங்கோட்டைக்காரிக்கு. யார் எதை எடுப்பது என்று காலையில் எங்களால் முடிக்க முடியாததை அவள் ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. எனக்கு வந்தவற்றை நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கை நிறைய இருந்தது.

இப்போது எனக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. எனக்கென்று சம்பளத்தில் எடுத்த சேலைகள் இருக்கின்றன. அன்று மாற்றிக்கொண்டதை யாரும் யாரிடமும் திருப்பிக் கேட்கவில்லை. பாளையங்கோட்டைக்காரி தன் அம்மாவிடம் குறியைக் காட்டி நடந்ததை மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை என்றும், மூன்றாம் நாள் அவள் அம்மா அரக்குச் சேலையைத் தொட்டுப் பார்த்து, தேய்ப்பு நன்றாக இருக்கிறதே என்றதாகவும் சொன்னாள். இந்த மூன்று பேரும் எனக்குக் கொடுத்தது சேலை என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் என்னை விட்டுவிட்டு எடுக்க மாட்டோம் என்று அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்களே, அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். புது வீடு கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுச் சேங்கொட்டையை உடைத்த அப்பாவுக்கும்.

ஆனால் அன்று நடந்ததற்கு ஒரு விலை இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மேலத்தெரு வீட்டிலிருந்து ஆள் வந்து, வெளுக்கப் போட்டிருந்த மூட்டையை அப்படியே திருப்பிக் கேட்டது. அம்மா எடுத்துக் கொடுத்தாள். அதன் பிறகு அந்த வீட்டுத் துணி எங்களுக்கு வரவே இல்லை. பக்கத்து ஊரிலிருந்து ஒருவர் வந்து எடுத்துப் போனார். அப்பா அன்று முழுவதும் சரியாகச் சாப்பிடவில்லை.

“பெரிய வீடுல்லா அது. ஒரு சொல் பொறுத்திருக்கலாம்” என்றார்.

“கல்யாணமாகி வந்ததுல இருந்து பொறுத்தாச்சு. போதும்” என்றாள் அம்மா. எந்த வீட்டுப் பெண்கள் கொடையில் அவள் முந்தானையைப் புரட்டினார்கள் என்று அம்மா என்னிடம் சொன்னதே இல்லை. அன்று நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடியும் முன்னே எழுந்து கரி போட்டு இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி, இலைப்பச்சைச் சேலையைத் தேய்த்து வைத்திருந்தாள். கொசுவத்தைத் தானே பிடித்து, குனிந்து உட்கார்ந்து ஒவ்வொரு மடிப்பாகச் சரிசெய்தாள். அப்பா அன்று ஆற்றுக்குப் போகாமல் வாசலில் நின்றுகொண்டிருந்தார். பார்த்துவிட்டு, “நல்லாருக்கு” என்று மட்டும் சொல்லிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

பஸ் நிறுத்தத்துக்கு நாங்கள் எப்போதும் வாய்க்கால் கரை வழியாகத்தான் போவோம். மேலத்தெருவுக்குள் அம்மா போவதென்றால் தலையில் மூட்டை இருக்கும், பின்வாசல் வழியாகப் போய்ப் பின்வாசல் வழியாக வருவாள். அன்று அவள் கையை வீசிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். கரைப் பக்கம் திரும்பிய என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“இங்கன வா. தெரு வழியாப் போவோம்.”

வாசல் தெளிக்கும் நேரம். தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் நின்றது. அந்தப் பெரிய வீட்டின் முன்னால் மேலத்தெரு அம்மா செம்பும் கையுமாக நின்றிருந்தார். எனக்கு நடை தானாக வேகமானது. அம்மா என் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, சரியாக இருந்த முந்தானையை இன்னொரு தடவை சரிசெய்தாள்.

“பைய நடட்டி. பஸ்ஸுக்கு நேரம் கெடக்கு.”

நான் பைய நடந்தேன்.